நானூறுக்கு நான்கு

எங்கள் தொழிலில் மானம் போவதற்கென்றே ஒரு வரி வைத்திருக்கிறார்கள். கணினி இயங்குதளத்தின் நடுவில் கெர்னல் என்று ஒரு பகுதி உண்டு. அதில் யார் எந்தப் பிழையைத் திருத்தினாலும், திருத்தத்தோடு ஒரு கடிதம் எழுத வேண்டும். கடிதத்தின் அடியில் இரண்டு வரிகள் இருக்கும். இந்தப் பிழை எந்தப் பழைய மாற்றத்தால் வந்தது என்பது முதல் வரி. அதை எழுதிய புண்ணியவான் யார் என்று எவரும் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். பிழையை முதலில் கண்டு சொன்னவரின் பெயர் இரண்டாவது வரி. கடிதம் உலகமே படிக்கக்கூடிய பொது அஞ்சல் பட்டியலுக்குப் போகும். போனால் போனதுதான், திரும்ப எடுக்க முடியாது.

பெரும்பாலோர் தங்கள் பிழையைத் தாங்களே முதல் வரியில் எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி காபி குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அந்த மனசு வராது. பதினேழு வருடமாக இதே வேலை. என் பெயர் முதல் வரியோடு சேர்ந்து வந்ததே இல்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். கேட்காதவர்களிடமும்.

டிரைவர் என்றால் கெர்னலுக்குள் இருந்து ஒரு கருவியை இயக்கும் நிரல். நான் எழுதிக் கொடுத்தது ஒரு நினைவக அட்டைக்கு. சாதாரண நினைவகம் கரண்டு போனால் எல்லாவற்றையும் தொலைத்துவிடும். இந்த அட்டைக்குள் சின்னதாக ஒரு மின்கலம் இருப்பதால் தொலைக்காது. மருந்துக் குளிரறைகளிலும் தண்ணீர் ஏற்றும் நிலையங்களிலும், கடைசி நொடியில் நடந்தது முக்கியம் என்கிற இடங்களிலும் வாங்கிப் போடுவார்கள். டிரைவரின் வேலை எளிமையானது. எழுதச் சொன்னதை அட்டைக்குத் தள்ள வேண்டும். வந்து சேர்ந்தது என்று அட்டை சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் 'பத்திரம்' என்று மேலே சொல்ல வேண்டும். தள்ளாவிட்டால் எழுதியது புராசஸரின் பக்கத்திலேயே ஓர் இடைக்கிடங்கில் தங்கிவிடும். கண் சிமிட்டும் நேரமும் தங்கலாம், பத்து நிமிடமும் தங்கலாம். அதற்குள் கரண்டு போனால் அவ்வளவுதான்.

தள்ளுவதும் காத்திருப்பதும் நேரத்தைத் தின்னும். ஒரு கண்காட்சிக்கு முன்னால் வேகம் அளந்தபோது எதிராளியின் அட்டைக்குப் பின்னால் நின்றோம். சின்னப் பதிவுகளுக்கு மட்டும் அந்தத் தள்ளும் வரியை எடுத்துவிட்டேன். அளந்து முடித்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான். எண்கள் பிரமாதமாக வந்தன. மேனேஜர் தோளில் தட்டினார். தட்டிய சுகத்தில் வரியைத் திரும்பப் போட மறந்துபோனேன்.

அப்போது எங்கள் சோதனைப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். மற்றவர்கள் நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு கட்டளை கொடுத்துக் கரண்டை வெட்டுவார்கள். அக்காவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. மேசைக்கு அடியில் உட்கார்ந்து, 'பத்திரம்' என்று பச்சை விளக்கு எரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, சுவரிலிருந்து பிளக்கைக் கையாலேயே பிடுங்குவார். மறுபடி சொருகி, பதிவு இருக்கிறதா என்று பார்த்து, கோடு போட்ட நோட்டில் குறிப்பார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்று பத்து நாள் செய்தார். பிளக்கக்கா என்று அவருக்குப் பேர் வைத்தவன் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

பத்து நாள் கழித்து எல்லோரும் இருந்த கூட்டத்தில் அக்கா நோட்டைத் திறந்தார்.

"நானூறு தடவைல மூணு தடவை கடைசிப் பதிவு காணோம் தம்பி."

"விளக்கு எரியறதுக்கு முன்னாடியே பிடுங்கியிருப்பீங்க."

"இல்ல தம்பி, எரிஞ்சு மூணு எண்ணிட்டுத்தான் பிடுங்கறேன்."

"நானூறு தடவை மேசைக்கடியில குனிஞ்சு எழுந்தா யாருக்கும் கை நடுங்கத்தான்கா செய்யும். லீவு வேணும்னா நேரா கேளுங்க, அதுக்கு ஏன் என் டிரைவர் மேல பழி போடறீங்க?"

அறையே சிரித்தது. மேனேஜர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்கா நோட்டை மூடிவிட்டார். அடுத்த மாதம் அவரைக் கையேடு எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு நான் என் நிரலைத் திறந்து பார்த்திருந்தால் கால் மணி நேர வேலை. திறந்து பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

ஒன்றரை வருடம் போயிற்று. எட்டு மாதத்துக்கு முன்னால், வேறு எதையோ தேடிக்கொண்டு என் பழைய நிரலைப் புரட்டியபோது அந்த இடம் கண்ணில் பட்டது. தள்ளும் வரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. பிளக்கக்கா கை நடுங்கவில்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

முறைப்படி என்ன செய்திருக்க வேண்டும்? முதல் வரியில் என் மாற்றத்தைச் சொல்லி, இரண்டாவது வரியில் அக்கா பெயரைப் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். நான் பூசி மெழுகினேன். 'சிறு ஒழுங்குபடுத்தல்' என்று தலைப்பு வைத்து, பதினான்கு இடங்களில் பெயர்களை மாற்றி, இடைவெளிகளைச் சரிசெய்து, நடுவில் சத்தமில்லாமல் விட்டுப்போன அந்தத் தள்ளும் வரியையும் சொருகினேன். அடியில் இரண்டு வரிகளும் இல்லை. எங்கோ இருக்கிற, நான் முகம் பார்த்திராத சரிபார்ப்பவர் 'இப்போது படிக்க அழகாக இருக்கிறது' என்று பதில் போட்டார். அந்தப் பாராட்டுக்கு நன்றி கூட எழுதினேன்.

ஆனால் முதல் வரி வெறும் அவமானத்துக்காக இருப்பதல்ல. பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் அந்த வரி உள்ள திருத்தங்களைப் பொறுக்கியெடுத்துத்தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களுக்கு அனுப்புவார்கள். ஒழுங்குபடுத்தலை எவரும் தொட மாட்டார்கள். ஆகவே புதிதாக விற்ற அட்டைகள் பிழைத்தன. பழையவை அப்படியே நின்றன. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் யோசிக்காமல் இருந்துகொண்டேன், அவ்வளவுதான்.

போன வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். ஊருக்கு வெளியே உள்ள ஒரு மருந்துக் கிடங்கிலிருந்து வந்திருந்தது. அங்கே குளிரறையில் சூடு ஏறினால் மணி அடிக்கும். காவலர் பத்து நிமிடத்துக்குள் வந்து பார்த்து, சுவரில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் மணி அடித்திருக்கிறது. வந்து பார்த்தேன், அழுத்தினேன், விளக்கும் எரிந்தது, மெக்கானிக்கைக் கூப்பிட ஓடினேன் என்கிறார் காவலர். அவர் ஓடிய நேரத்தில் கட்டடம் முழுக்கக் கரண்டு போயிருக்கிறது. கரண்டு திரும்பி வந்தபோது இயந்திரத்தில் மணி அடித்த பதிவு இருக்கிறது, பொத்தானை அழுத்திய பதிவு இல்லை. மருந்து மொத்தமும் வீண். காவலரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் இறுதி விசாரணை. அட்டை பதிவைத் தொலைக்க வாய்ப்பு உண்டா என்று எங்களைக் கேட்டிருந்தார்கள்.

"ஒரே வரில பதில் எழுதிடுங்க. வாய்ப்பே இல்லைன்னு," என்றார் மேனேஜர்.

"போய் ஒரு தடவை பார்த்துட்டு எழுதறேனே."

"என்னங்க புதுசா? உங்க டிரைவர் மேல உங்களுக்கே சந்தேகமா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

கிடங்கின் மேற்பார்வையாளர் ஓர் இளம்பெண். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என்னைக் குளிரறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு கதவு, நடுவில் ரப்பர் திரை, சுவரில் பொத்தான். பக்கத்தறையில் எங்கள் அட்டை இருந்த பெட்டி. என் பழைய டிரைவர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அட்டைக்குள் ஓர் எண்ணிக்கை உண்டு. இதுவரை எத்தனை பதிவு எழுதச் சொன்னார்கள் என்பது. அது வேறு வழியாக நேராகவே அட்டைக்குப் போய்விடும், இடைக்கிடங்கில் தங்காது. கரண்டு போன நிமிடத்துக்கான எண்ணிக்கையை எடுத்தேன். 6,118. அந்த நிமிடம்வரையிலான பதிவுகளை எண்ணினேன். 6,117. கடைசி இடம் காலியாக இருந்தது. அந்த மனிதர் அழுத்தியிருக்கிறார்.

"ஒண்ணும் தெரியலையா சார்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"பார்த்துட்டு இருக்கேன்," என்றேன்.

"நல்ல மனுஷன் சார் அவர். முதல்ல எல்லாரும் பொய் சொல்றார்னுதான் நினைச்சோம். இப்ப பிரச்சினை இல்ல, அவரே எழுதிக் குடுத்துட்டார்." ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது: 'பொத்தானை அழுத்தியதாகத்தான் நினைத்தேன். இயந்திரத்தில் இல்லாததால் நான் அழுத்தியிருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். என் அண்ணனுக்கும் இதே வயதில்தான் மறதி வந்தது. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை.'

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தத் தாளை ஏன் படித்தோம் என்று இருந்தது. அவர் சண்டை போட்டிருந்தால், எங்கள் கம்பெனியைத் திட்டியிருந்தால், நான் தாங்கியிருப்பேன். என் டிரைவரை நம்பி அவர் தன்னையே சந்தேகப்பட்டுவிட்டார்.

மேனேஜரிடம் பாதியைச் சொன்னேன். பழைய பதிப்பில் ஒரு கோளாறு இருக்கலாம் என்றேன். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. கதவைச் சாத்தினார்.

"அந்த ஆளே ஒத்துக்கிட்டார்ல? பழைய மெஷினுக்கெல்லாம் சத்தமில்லாம திருத்தத்தை அனுப்பிடலாம். இனிமே யாருக்கும் கெடுதல் இல்ல. இப்ப இதை வெளில சொன்னா விற்ற அட்டை மொத்தமும் திரும்பி வரும். முதல்ல உங்க பேருதான் நாறும்."

"அவர் வேலை போயிடும் சார்."

"அவர் இன்னும் ஒரு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறவர். நீங்க அப்படி இல்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். இதில் யோசிக்க என்ன இருந்தது? ஆனாலும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அந்த ஒரு நாளையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் கையேட்டுப் பிரிவுக்குப் போனேன். இரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. பிளக்கக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ படத்துக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க சார்."

முன்பெல்லாம் தம்பி என்பார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொன்னது சரி, பிழை என்னுடையது, எட்டு மாதத்துக்கு முன்பே எனக்குத் தெரியும், மறைத்துவிட்டேன், இப்போது முறையாக எழுதப்போகிறேன், கண்டு சொன்னவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட உங்கள் அனுமதி வேண்டும். ஒப்பிப்பது மாதிரி ஒரே மூச்சில் கொட்டினேன்.

அக்கா கீழ் இழுப்பறையைத் திறந்து அந்த நோட்டை எடுத்தார். இத்தனை நாளும் வைத்திருக்கிறார்.

"எத்தனைன்னு எழுதப் போறீங்க?"

"நானூறுக்கு மூணு."

"நாலு." பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். முந்நூற்று அறுபத்திரண்டாவது வரியில் 'காணோம்' என்பதை அடித்து, மேலே 'சரி' என்று திருத்தியிருந்தது. "அன்னிக்குக் கூட்டத்துல இதைச் சேர்க்காம மூணுன்னு சொன்னேன், முடிஞ்சு வந்து இதையும் நானே அடிச்சேன். அந்த ஒரு தடவை எனக்கே கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சு. நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்களா, கை நடுங்கியிருக்கும்போலன்னு நானே நம்பிட்டேன். அதுக்கப்புறம் வீட்டுல ஒரு பிளக்கைப் பிடுங்கறப்பகூட கையைப் பார்த்துக்குவேன்."

மன்னிச்சிடுங்கக்கா என்றேன். "பேரைச் சரியா எழுதுங்க. பிளக்கக்கான்னு போட்டுடாதீங்க," என்றார். சிரிப்பு இல்லை.

அன்று பகல் பதினோரு மணிக்குக் கடிதத்தை எழுதினேன். முதல் வரியில் என் மாற்றம். இரண்டாவது வரியில் அக்காவின் முழுப்பெயர். நானூறுக்கு நான்கு. இந்தத் திருத்தத்தை எட்டு மாதத்துக்கு முன் வேறு பெயரில் ஒளித்து அனுப்பினேன், அதனால்தான் பழைய இயந்திரங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் எழுதினேன். பொதுப் பட்டியலுக்கு ஒன்று, கிடங்குக்கு எண்ணிக்கை விவரத்தோடு ஒன்று. அனுப்பிவிட்டு மேனேஜருக்கும் பிரதி போட்டேன். ஐந்து நிமிடத்தில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. எடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காவலரின் வீடு மூன்றாவது மாடியில் இரண்டே அறை. அவர்தான் கதவைத் திறந்தார். வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத சட்டை. மெஷின் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் பதறி நாற்காலியைத் துடைத்தார். உள்ளே போனதும் சுவரைப் பார்த்தேன். துண்டுக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. 'அடுப்பை அணை.' 'சாவி ஆணியில்.' 'காலை மாத்திரை: போட்டால் டிக்.' எல்லாம் ஒரு பெண்ணின் கையெழுத்து.

"என் வீட்டுக்காரி வேலை," என்றார் கூச்சத்தோடு. "எதிர்க் கடைக்குப் போறதுன்னாலும் கூடவே வர்றா. இப்பக் குளிச்சிட்டு இருக்கா, இல்லேன்னா கதவைத் திறக்கவும் விட மாட்டா. நான் எழுதிக் குடுத்தது போதாதா தம்பி? வேற ஏதாவது கையெழுத்து வேணுமா?"

"கையெழுத்து ஒண்ணும் வேண்டாம் ஐயா. மெஷின்ல ஒரு கோளாறு இருக்கிறதா கண்டுபிடிச்சிருக்காங்க. நீங்க பொத்தானை அழுத்தியிருக்கீங்க. அதுக்கு ஆதாரம் இருக்கு. கிடங்குக்கும் எழுதியாச்சு."

கண்டுபிடிச்சிருக்காங்க! யாரோ கண்டுபிடித்த மாதிரி. வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது இதுவல்ல, வாயைத் திறந்ததும் இதுதான் வந்தது.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அழுத்தினேனா? நிஜமா அழுத்தினேனா?" என்று கேட்டார். "மறதி இருக்கான்னு பார்க்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, அங்க கடிகாரம் வரையச் சொன்னாங்க தம்பி. வரைஞ்சேன். சரியாத்தான் வரைஞ்சேன்னு நினைக்கிறேன், ஆனா யாரை நம்பறது? நீங்க நல்லா இருக்கணும். யார் யாரோ பார்த்தும் தெரியாததை நீங்க தேடி வந்து சொல்றீங்களே. உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கப்போய்த்தான்..."

அந்தக் கையை உதறிவிட்டு ஓடலாம் என்று இருந்தது. இத்தோடு எழுந்து போயிருந்தால் அவர் ஆயுசுக்கும் என்னை வாழ்த்திக்கொண்டே இருந்திருப்பார். அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் கூசுகிறது.

"அந்தக் கோளாறு என்னால வந்தது ஐயா. நான் எழுதினதுதான் அது. எட்டு மாசத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பேர் கெட்டுடும்னு யார்கிட்டயும் சொல்லல."

கையை உடனே விடவில்லை. மெதுவாகத்தான் விட்டார்.

"எட்டு மாசமா?"

"ஆமா."

"எங்க கிடங்குல கரண்டு போய் அஞ்சு மாசம்."

"ஆமா ஐயா."

அவர் உதடு அசைந்தது. இடையில் இருந்த மூன்று மாதத்தை எண்ணுகிறார் என்று தெரிந்தது. எண்ணி முடித்த பிறகும் என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று வெகுநேரம் காத்திருந்தேன்.

"பொண்ணு ஒருத்தி இருக்கா," என்றார் கடைசியில். "ரெண்டு தெரு தள்ளித்தான். வேலைக்குப் போறப்போ குழந்தையை எங்கிட்டதான் விட்டுட்டுப் போவா. நாலு மாசமா விடறதில்ல. காசு குடுத்து வேற இடத்துல விடறா. அவளைக் குத்தம் சொல்ல முடியாது, நான் எங்கேயாவது மறந்து விட்டுட்டு வந்துட்டா?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மனப்பாடமாக.

"நான் சொன்னா நம்ப மாட்டா. சமாதானத்துக்கு ஆமாம்ப்பா ஆமாம்ப்பான்னுவா. நீங்களே சொல்லுங்க," என்று போனை என் கையில் வைத்தார். "எட்டு மாசத்தையும் விடாம சொல்லுங்க."

மறுமுனையில் எடுத்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உரக்க, நிதானமாக, சின்னக் குழந்தையிடம் பேசுவது மாதிரி பேச ஆரம்பித்தாள்.

"அப்பா? என்னப்பா? அம்மா பக்கத்துல இருக்காங்களா? எங்க இருக்கீங்கன்னு தெரியுதாப்பா?"

"நான் அப்பா இல்லைங்க," என்றேன். "அவருக்கு ஒண்ணுமே இல்லைங்க. தப்பு பண்ணது நான்."